கைநாட்டு வைத்த கற்றவர்கள்

ஒரு சமுதாயத்தின் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் தேடுவன மூன்று. பள்ளிகள் தொடங்கப்பெற்ற ஆண்டுகள், பட்டம் பெற்றோரின் தொகை, அச்சேறிய நூல்களின் பட்டியல் ஆகியனவே அவை. இவை இன்றியமையாதன என்பதில் ஐயமில்லை. எனினும் இம்மூன்றிலும் இடம்பெறாத ஒரு கூட்டம் நம்மிடையே வாழ்ந்து மறைந்தது. இன்னும் சிலர் நம் வீட்டு முற்றங்களில் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் நம் பாட்டிமார். உம்மும்மா, வாப்பும்மா, நன்னிம்மா, பெத்தம்மா என்று ஊருக்கு ஊர் அழைக்கும் பெயர் மாறும். ஆயினும் அரசுப் பதிவேடுகளில் அவர்களுக்குக் கிடைத்த பெயர் பெரும்பாலும் ஒன்றே: ‘எழுதப் படிக்கத் தெரியாதவர்’.

இந்தப் பதிவு சரிதானா என்று வினவுவதே இக்கட்டுரையின் நோக்கம். என் அன்னையின் தாயாகிய உம்மும்மாவின் வாழ்க்கையை முன்னிறுத்தி அவ்வினாவை எழுப்ப விழைகின்றேன். அவர் புகழ் பெற்றவர் அல்லர். காயல்பட்டினத்தில் பிறந்து, அவ்வூரிலேயே வாழ்ந்து, அவ்வூர் மண்ணிலேயே அடங்கியவர். அவரைப் போன்றோர் தமிழகத்துக் கடற்கரைப் பட்டினங்கள் எங்கும் வாழ்ந்தனர். ஆகவே ஒருவரைப் பற்றிக் கூறுவது பலரைப் பற்றிக் கூறுவதே ஆகும்.

கற்றலும் கணக்கெடுப்பும்

1951-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு 9 பேர்கூட இல்லை. அந்நாளில் உம்மும்மா நடுவயதை எட்டிக்கொண்டிருந்தார். அவர் அந்த ஒன்பதின்மருள் ஒருவராக எண்ணப்பட்டிருக்க மாட்டார். ஏனெனில், கணக்கெடுப்பின் இலக்கணப்படி ஒரு மொழியைப் புரிந்து படிக்கவும் எழுதவும் வல்லவரே எழுத்தறிந்தவர். படிக்க மட்டும் தெரிந்து எழுதத் தெரியாதவர் எழுத்தறிந்தோர் வரிசையில் சேரார்.

உம்மும்மா படிப்பார்; எழுத மாட்டார். சிறு வயதிலேயே திருக்குர்ஆன் ஓதக் கற்றார். அதே எழுத்தைக் கொண்டு அரபுத்தமிழும் படிக்கக் கற்றார். அரபுத்தமிழ் என்பது தமிழ்மொழியை அரபு எழுத்துகளால் எழுதும் முறை. அரபியில் இல்லாத ப, ட, ண, ள, ழ போன்ற தமிழ் ஒலிகளுக்காக, இருக்கும் எழுத்துகளில் புள்ளிகளும் குறிகளும் சேர்த்துப் புதிய எழுத்துகளை நம் முன்னோர் ஆக்கிக்கொண்டனர். தமிழகத்துக் கடற்கரையிலும் இலங்கையிலும் பல தலைமுறைகள் இம்முறையில் படித்தன. சமயச் சட்டம், வரலாறு, மருத்துவம், ஞானப்பாடல், குடும்பக் கடிதம், கடைக்கணக்கு எனப் பலவும் அவ்வெழுத்தில் எழுதப்பட்டன. கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அவர்கள் ‘மகானீ’ என்னும் சமயச் சட்ட நூலை அரபுத்தமிழில் அளித்தார்கள். அரபுமொழி அறியாத எளிய மக்கள், அதிலும் வீட்டிலிருந்தே கற்ற பெண்கள், மார்க்க அறிவைத் தம் தாய்மொழியில் பெற இத்தகைய நூல்கள் வழி செய்தன. ‘பெண்புத்தி மாலை’ போன்றவை பெண்களுக்கென்றே பாடப்பட்டன.

வியாழன் மாலைதோறும் அண்டை வீட்டுப் பெண்கள் முடுக்கு வழியே உம்மும்மாவிடம் வருவார்கள். காயல்பட்டினத்தின் வீடுகளுக்கு இடையே பெண்கள் நடமாடுவதற்கென்று அமைந்த ஒடுங்கிய சந்துகளே முடுக்குகள். அரிக்கேன் விளக்கின் முன் அவர் மாலை ஒன்றை இராகத்தோடு படிப்பார். சில அடிகளுக்கு ஒருமுறை நிறுத்திப் பொருள் சொல்வார். கடினமான சொல் வந்தால் அதற்கு நிகரான வீட்டுச் சொல்லைச் சொல்லி விளக்குவார். இன்று நாம் வகுப்பறையில் மூலம் படித்துப் பதவுரை கூறிப் பொழிப்புரை தருகின்றோமே, அம்முறைக்கும் அதற்கும் என்ன வேறுபாடு? வருகைப் பதிவேடும் ஊதியமும் இல்லை என்பதைத் தவிர வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

ஒருமுறை குடும்பச் சொத்து ஒன்றைப் பத்திரம் பதியும் நாளில் உம்மும்மாவின் இடக்கைப் பெருவிரலில் மை தடவி ரேகை வாங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்ற குறிப்பும் எழுதப்பட்டது. உடன் சென்ற மாமா அதனை வீட்டில் படித்துக் காட்டியபோது அவர் சொன்னது இவ்வளவே: “எழுதத் தெரியாதுன்னு போடட்டும் வாப்பா. படிக்கத் தெரியாதுன்னு ஏன் போடணும்?”

இந்த வினாவுக்கு விடை சொல்லும் கடமை தமிழ் படித்தோர்க்கு உண்டு என்பது என் கருத்து.

கடிதம் படித்தவர்

அக்காலக் காயல்பட்டினத்து ஆடவரிற் பலர் கொழும்பிலும் இலங்கையின் பிற நகரங்களிலும் வணிகம் செய்தனர். தூத்துக்குடியிலிருந்து கப்பலேறியவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையோ ஊர் திரும்புவர். இடைப்பட்ட காலத்தில் குடும்பத்தைக் கட்டிக் காத்தது கடிதம். பாட்டனார் அரபுத்தமிழில் எழுதிய கடிதங்களை உம்மும்மா பிறர் உதவியின்றித் தாமே படித்துக்கொண்டார். படிக்கத் தெரியாத பெண்கள் தம் கணவர்மார் அனுப்பிய கடிதங்களையும் அவரிடமே கொண்டுவந்தனர்.

கடிதம் படித்துச் சொல்வது எளிய பணி அன்று. ஒரு வீட்டின் கடனும் நோயும் ஊடலும் ஏக்கமும் படிப்பவர் செவிவழியே நுழைகின்றன. பணம் வரவில்லை என்ற செய்தியைக் கூட்டத்தின் நடுவே உரக்கப் படித்தல் கூடாது. மரணச் செய்தி என்றால், கேட்பவரை முதலில் அமரச் செய்ய வேண்டும். உம்மும்மா முழுக் கடிதத்தையும் வாய்க்குள் படித்து முடித்த பின்னரே உரக்கப் படிக்கத் தொடங்குவார் என்று என் தாயார் கூறுவார். எந்த வீட்டுக் கடிதத்தில் எந்தத் துயரம் இருந்தது என்பது அவரோடு மண்ணறைக்குச் சென்றுவிட்டது. பெற்ற மகளிடமும் அவர் அதனைச் சொன்னதில்லை.

மறுமொழி எழுதும்போதுதான் அவருடைய இயலாமை வெளிப்பட்டது. தம் கணவருக்குச் சொல்ல வேண்டியதை அண்டை வீட்டுச் சிறுவன் ஒருவனிடம் சொல்லி எழுதுவிக்க வேண்டியிருந்தது. மனைவி கணவருக்குச் சொல்லக்கூடிய எத்தனை சொற்களை ஒரு பத்து வயதுச் சிறுவனிடம் சொல்ல இயலும்? பெண்ணுக்கு ஓதத் தெரிந்தால் போதும், எழுதத் தெரிய வேண்டியதில்லை என்ற எண்ணம் அவருடைய பெரியோரிடம் இருந்தது. எழுத்து கைவசமானால் வேண்டாத கடிதம் எழுதுவாளோ என்ற அச்சமும் இருந்தது. இவ்வச்சம் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. அந்நாளில் தமிழகத்தின் பல சமுதாயங்களிலும் காணப்பட்டதே. அரபுத்தமிழில் அழகுற எழுதிய பெண்களும் அக்காலத்தில் இருந்தனர். உம்மும்மாவுக்கு அவ்வாய்ப்பு வழங்கப்படவில்லை.

1948-க்குப் பின் இலங்கையில் குடியுரிமை, குடிவரவுச் சட்டங்கள் கடுமையாயின. அங்கு வணிகம் செய்த பலர் ஒவ்வொருவராக ஊர் திரும்பினர். பின்னர் வளைகுடா நாடுகளுக்குச் சென்றோரின் கடிதங்கள் பெரும்பாலும் தமிழெழுத்தில் வந்தன. அவற்றை உம்மும்மாவால் படிக்க இயலவில்லை. ஊருக்கெல்லாம் கடிதம் படித்தவர், தம் பேரன் எழுதிய கடிதத்தைப் படிக்கப் பிறரை நாட வேண்டியதாயிற்று. அவருடைய கல்வி குறையவில்லை; அவர் கற்ற எழுத்துதான் வழக்கிலிருந்து ஒதுங்கிவிட்டது. கற்றவர் ஒருவர் தம் வாழ்நாளிலேயே கல்லாதவர் ஆக்கப்பட்ட வரலாறு இது.

தாயிடமிருந்து மகளுக்கு

காயல்பட்டினத்தில் திருமணத்திற்குப் பின் மணமகன் மணமகள் வீட்டிற்கு வந்து வாழ்வதே மரபு. வீடு பெரும்பாலும் மகளுக்கே வழங்கப்பெறும். ஆகவே, பாட்டி, தாய், மகள் ஆகிய மூவரும் ஒரே கூரையின்கீழ் வாழ்வர். இவ்வழக்கின் நன்மை தீமைகளை ஆராய்வது இங்கு நோக்கமன்று. ஆயினும் பெண்களின் வாய்மொழிச் செல்வம் சிதையாமல் வந்ததற்கு இது ஒரு முதன்மையான காரணம் என்று கருதுகின்றேன். பாட்டி பாடிய தாலாட்டில் உறங்கிய குழந்தை, தான் தாயானபோது அதே வீட்டில், அதே பாட்டியின் முன்னிலையில் அத்தாலாட்டைப் பாடினாள். ஓரடி பிறழ்ந்தால் திருத்தப் பாட்டி அருகிலிருந்தார்.

இசுலாமியத் தமிழ் இலக்கியம் மசலா, கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து, படைப்போர் எனத் தனக்கேயுரிய சிற்றிலக்கிய வகைகளைத் தமிழுக்கு வழங்கியுள்ளது. 1572-இல் வண்ணப் பரிமளப் புலவர் அரங்கேற்றிய ‘ஆயிர மசலா’ முதலாக, உமறுப் புலவரின் சீறாப்புராணம் உள்ளிட்ட காப்பியங்கள் வரை நாம் வகுப்பில் பயில்கின்றோம். இவற்றுட் பல, ஏட்டில் கிடந்ததால் மட்டும் வாழவில்லை. வீடுகளில் ஓதக் கேட்டதாலும் வாழ்ந்தன. கேட்டவர்களில் பெண்கள் பலர். சீறாவின் வரிசை எண் உம்மும்மாவுக்குத் தெரியாது. ஆனால் மான் பிணை வேண்டிய வரலாற்றைச் சொல்லும்போது அவர் கண் கலங்கும். கேட்கும் குழந்தைகளின் கண்களும் கலங்கும்.

அவருடைய நாவில் தவழ்ந்த தமிழும் கருதத்தக்கது. குழம்பை அவர் ‘ஆணம்’ என்பார். காலை உணவு உண்டீர்களா என்பதற்குப் ‘பசியாறியாச்சா’ என்பார். தொழுகை, நோன்பு, பெருநாள், மறுமை என நல்ல தமிழ்ச் சொற்கள் அவர் பேச்சில் இயல்பாக வந்தன. அவற்றின் இடையே துஆ, பரக்கத்து, மௌத்து என்னும் அரபுச் சொற்களும் தமிழ் ஒலிக்கு இசைந்து நின்றன. தனித்தமிழா கலப்புத்தமிழா என்ற வழக்காடல் அவருக்குத் தேவைப்படவில்லை.

நோன்புக் கஞ்சிக்கு அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, வெந்தயம் எவ்வளவு என்பதற்கு அவரிடம் கைப்பிடியே அளவு. வட்டிலப்பத்திற்குக் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் முட்டையும் எந்தப் பதத்தில் சேர வேண்டும் என்பதைக் கரண்டி வழியும் விதம் கண்டே சொல்வார். பிள்ளை பெற்றவளுக்கு எந்நாளில் எந்த மருந்து, எவ்வுணவு விலக்கு என்பனவும் அவர் நினைவில் இருந்தன. இவற்றையெல்லாம் எழுதி வைத்தால் ஒரு நூலாகும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். எழுதி வைத்தவர் எத்தனை பேர் என்பதே கேள்வி.

பாடிய பெண்டிர் பலர்

பெண்கள் கேட்டவர்களாக மட்டும் இருக்கவில்லை. கீழக்கரைச் செய்யிது ஆசியா உம்மா, இளையான்குடிக் கச்சிப்பிள்ளை அம்மாள், தென்காசி ரசூல் பீவி ஆகியோர் பாடிய ஞானப்பாடல்கள் தமிழிலக்கிய வரலாற்றில் இடம்பெற்றுள்ளன. நாகூரில் 1917-இல் பிறந்த சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளியில் படித்தவர் அல்லர். அவர் எழுதிய ‘காதலா? கடமையா?’ என்னும் புதினம் 1938-இல் வெளிவந்தது. டாக்டர் உ.வே. சாமிநாதையர் அதற்கு மதிப்புரை வழங்கினார். அவ்வம்மையார் 1998 வரை வாழ்ந்தார்.

இவர்கள் பெயர்கள் நமக்குக் கிடைத்தது ஏன்? இவர்களின் சொற்கள் எழுத்தில் நின்று அச்சேறியமையே காரணம். அச்சேறாமல் போன ஆசியா உம்மாக்கள் எத்தனை பேரோ? முடுக்குகளில் நடந்து, தைக்காக்களில் ஓதி, தாமே அடி சேர்த்துத் தாலாட்டுப் பாடி மறைந்த பெண்களுக்கு ஆண்டும் இல்லை, நூற்பெயரும் இல்லை.

தமிழறிஞர்கள் நாட்டுப்பாடல்களைத் தொகுக்க முற்பட்டுப் பல்லாண்டுகள் ஆகின்றன. கி.வா. ஜகந்நாதனின் ‘மலையருவி’ 1958-இலும், நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ 1964-இலும் வெளிவந்தன. பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியலைத் தனித்துறையாகவே வளர்த்தது. இசுலாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பேராசிரியர் ம.மு. உவைசு அவர்களும் பேராசிரியர் பீ.மு. அஜ்மல்கான் அவர்களும் பல தொகுதிகளாக ஆக்கி அளித்தனர். நூலானவற்றைப் பட்டியலிட்டு நமக்குத் தந்த அப்பெருமக்களின் உழைப்பு போற்றத்தக்கது. நூலாகாதவற்றைத் தேடிச் செல்ல வேண்டியது அடுத்த தலைமுறையின் பணி.

மறுப்புரைகளுக்கு மறுமொழி

இக்கருத்தைக் கூறும்போது மூன்று மறுப்புகள் எழுவதுண்டு.

பாட்டிமார் பாடல்களிலும் பழக்கங்களிலும் மார்க்கத்திற்கு ஒவ்வாதன கலந்துள்ளன, அவற்றை ஏன் பாதுகாக்க வேண்டும் என்பர் சிலர். பதிவு செய்தல் வேறு, பின்பற்றுதல் வேறு. மருத்துவன் நோயின் வரலாற்றையும் எழுதி வைக்கின்றான். எது ஏற்கத்தக்கது என்று ஆய்வதற்கும் முதலில் அது நம் கையில் இருத்தல் வேண்டும்.

பெண்களின் குரலைப் பதிவு செய்து பொதுவில் வைத்தல் முறையா என்பர் வேறு சிலர். இவ்வுணர்வு மதிக்கத்தக்கதே. அப்பாட்டி உடன்படாத எதனையும் செய்தல் கூடாது. அவர் விரும்பினால் குரல் பதிவாகலாம். விரும்பாவிடின் சொற்கள் மட்டும் எழுத்தில் பதிவாகலாம். பெயர் வேண்டாம் என்றால் பெயரை விடலாம். இப்பணியை மாணவியரே முன்னின்று செய்தல் மிகப் பொருந்தும். பேத்தி கேட்டால் பாட்டி பாட மறுப்பது அரிது.

மூன்றாவது மறுப்பே வலுவுடையது. பாட்டியைப் புகழ்ந்து பேசுவது, அவரைப் பள்ளிக்கு அனுப்பாத காலத்தைப் புகழ்வதாக முடியாதா? இவ்வினாவை நாம் தட்டிக்கழித்தல் ஆகாது. உம்மும்மாவின் கல்வி அவருடைய முயற்சியால் வந்த பெருமை. அவருக்கு எழுத்து மறுக்கப்பட்டமை நம் சமுதாயத்தின் குறை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதலாவதை மட்டும் சொல்பவர் வரலாற்றை அழகுபடுத்துகின்றார். இரண்டாவதை மட்டும் சொல்பவர் பத்திரத்தில் அவரைக் கல்லாதவர் என்று குறித்த கையோடு தம் கையையும் சேர்க்கின்றார்.

இதில் உம்மும்மாவின் தீர்ப்பு தெளிவாக இருந்தது. எட்டாம் வகுப்போடு ஒரு பேத்தியின் படிப்பை நிறுத்திவிடலாமா என்று வீட்டுப் பெரியவர்கள் கலந்து பேசினர். அதுவரை வாய் திறவாதிருந்த அவர், “கடுதாசி எழுத அடுத்தவங்க கையைத் தேடுற வேலை என்னோட முடியட்டும்” என்றார். அதற்குமேல் ஒருவரும் பேசவில்லை. அப்பேத்தி பட்டம் பெற்றார். இன்று ஆசிரியப் பணி ஆற்றுகின்றார். பாட்டியின் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டுப் பேத்தியின் படிப்பை இடையில் நிறுத்தும் குடும்பம் எதுவாயினும், அது பாட்டியை மதித்ததாகக் கொள்ள முடியாது.

நாம் செய்யத்தக்கவை

அரபுத்தமிழைச் சரளமாகப் படிக்கும் முதியோர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். வேலை நிமித்தம் குடும்பங்கள் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் பெயர்ந்தமையால், மூன்று தலைமுறையும் ஒரு கூரையின்கீழ் வாழும் நிலையும் தளர்ந்துள்ளது. தாயிடமிருந்து மகளுக்குச் சென்ற நூல் அறுபடும் இடம் இதுவே. ஆகவே கல்லூரித் தமிழ்த்துறைகளுக்குச் சில வேண்டுகோள்களை முன்வைக்கின்றேன்.

முதலாவதாக, இளங்கலைத் தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலோ தெருவிலோ உள்ள மூதாட்டி ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பைப் பத்துப் பக்க அளவில் எழுதி அளித்தல் வேண்டும். அதனைப் பயிற்சிக் கட்டுரையாக ஏற்று மதிப்பெண் வழங்கலாம். பிறந்த ஊர், கற்ற விதம், பாடிய பாடல்கள், வழங்கிய சொற்கள், சமையல், மருத்துவம், கடிதங்கள் எனத் தலைப்புகளை வகுத்துக் கொடுக்கலாம். இன்று ஒவ்வொரு மாணவர் கையிலும் இருக்கும் கைப்பேசியே ஒலிப்பதிவுக் கருவியாகும். பெரும்பொருட் செலவு இல்லை.

இரண்டாவதாக, வீடுகளின் பெட்டிகளிலும் பரண்களிலும் உறங்கும் அரபுத்தமிழ் ஏடுகளையும் கடிதங்களையும் படமெடுத்து, உரியவரிடமே திருப்பி அளித்து, படிகளைக் கல்லூரி நூலகத்தில் வைத்தல் வேண்டும். பொருள் புரியாத பழந்தாள் என்று கரையானுக்கு விடப்பட்டவை போக எஞ்சியவையேனும் பிழைக்கட்டும்.

மூன்றாவதாக, அரபுத்தமிழ் எழுத்தைப் படிக்கும் குறுகியகாலப் பயிற்சி ஒன்றைத் தமிழ்த்துறையும் அரபுத்துறையும் இணைந்து நடத்தலாம். குர்ஆன் ஓதத் தெரிந்த தமிழ் மாணவர்க்குக் கூடுதலாகக் கற்க வேண்டிய எழுத்துகள் சிலவே. ஊரில் உள்ள மூதாட்டியர் ஓரிருவரையே அப்பயிற்சிக்கு ஆசிரியராக அழைக்கலாம். கைநாட்டு வைத்தவரைக் கல்லூரிக்கு ஆசிரியராக அழைப்பதைவிடப் பொருத்தமான மதிப்பு வேறென்ன இருக்க முடியும்?

சமுதாயப் பெரியோர்கட்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. பெற்றோர் நினைவாகக் கட்டடம் எழுப்புகின்றீர்கள், அறக்கட்டளை நிறுவுகின்றீர்கள். அந்நற்பணிகளோடு, உங்கள் தாயாரும் பாட்டியாரும் பாடியவற்றையும் சொன்னவற்றையும் தொகுக்கும் மாணவர்க்குச் சிறுதொகை ஒதுக்குங்கள். கட்டடத்தின் கல்வெட்டில் அவர்கள் பெயர் நிற்கும். தொகுப்பிலோ அவர்கள் சொல்லும் நிற்கும்.

மாணவச் செல்வங்களே! விடுமுறைக்கு ஊர் செல்லும்போது உங்கள் பாட்டியிடம் உடல்நலம் விசாரிப்பதோடு நின்றுவிடாதீர்கள். “நீங்கள் என்ன படித்தீர்கள்?” என்று கேளுங்கள். ‘எனக்கு என்ன தெரியும்’ என்றே முதலில் சொல்வார்கள். பல ஆண்டுகளாக அவர்களிடம் பிறர் சொல்லி வைத்த பதில் அது. சற்றுப் பொறுத்து மீண்டும் கேளுங்கள். அவர்கள் சொல்லத் தொடங்கும்போது குறிப்பேட்டைத் திறந்து வைத்திருங்கள். அவர்களால் எழுத இயலாமற்போனதை எழுதும் கை உங்களுக்கு வாய்த்திருக்கின்றது.